தவக்காலத்தில் ஒரு குண்டான் கறி

சிரிக்க வைக்கிறேன்ணா. வயிறு வலிக்கிற மாதிரி சிரிக்க வைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் நீங்க சிரிக்கவில்லை என்றால் என் பேர் இன்னாசி இல்லை. ஆனால் இப்பவே கிடையாது. கொஞ்சம் பொறுக்கணும். தம் போட்ட சட்டியை அவசரப்பட்டுத் திறந்தால் யாருக்கு நஷ்டம்?

என்னிடம் குரல்கள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒருத்தர் குரலும் பாக்கி இல்லை. இந்த பஸ் கண்டக்டர் குரலைக்கூட வேலூரில் ஏறினதுமே எடுத்துவிட்டேன். "உள்ள போ, உள்ள போ, படியில என்ன குடித்தனமா பண்ற?" மூக்கில் கொஞ்சம், தொண்டையில் மீதி. சரியா இருக்கா? சரி, அவர் முறைக்கிறார், விடுங்க. இது சும்மா தொட்டுக்கொள்ள. இலையில் வரப்போகிற பெரிய அயிட்டம் வேறே. எங்கள் பங்குச் சாமியார் சவரிநாதன் சாமி. அந்தக் குரலைக் கேட்டு எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஒருத்தன் சிரித்துச் சிரித்து ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்தான். அதைக் கடைசியில்தான் போடுவேன்.

மெதுவாகத்தான் பேசணும்ணா. முன் சீட்டில் பச்சைப் புடவை தெரியுதா? எங்கம்மா. சகாயமேரி. தூங்கறாங்க. தலை ஜன்னல் கம்பியில் மோதுது, அப்பவும் எழுந்திருக்கல பாருங்க. முன்னெல்லாம் எங்கம்மா பஸ்ஸில் கண்ணை மூடவே மாட்டாங்க. டிரைவருக்குத் துணையா அவங்களும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாங்க. இப்போது உட்கார்ந்தால் தூக்கம்தான். மடியில் ஒரு ஹாட்பாக்ஸ் இருக்கே, அதை மட்டும் தூக்கத்திலும் விடல.

அதுக்குள்ள என்னன்னு கேட்க மாட்டீங்களா? கறி. பெரிய கறி, மாட்டுக் கறி. கழுத்துத் துண்டு. எங்க அக்காவுக்கு.

அக்கா பேர் பெர்னதெத். வீட்டில் பெர்னா. பளு தூக்குறவள். எங்க பக்கம் தெருவுக்கு ஒருத்தர் பளு தூக்குவாங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா பொண்ணுங்க கம்மி. நாளைக்கு மெட்ராஸில் செலக்‌ஷன். அவள் நேத்தே பயிற்சி கொடுக்கிற மாஸ்டரோட போய்விட்டாள். காலையில் மிஷினில் ஏற்றி எடை பார்ப்பாங்க. அது வரைக்கும் ஒழுங்கா ஒண்ணும் சாப்பிடக் கூடாது. பார்த்து முடித்த உடனே சாப்பிடணும், அதுவும் பழகின சாப்பாடாத்தான் இருக்கணும், வெளியே எதையாவது தின்று வயிறு கெட்டால் வருஷமே போச்சு. அதுக்குத்தான் நாங்க அந்த ஹாட்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

குணாளன் மாஸ்டர் குரல் போடட்டுமா? அவர் சும்மா பேசினாலே தோளில் இரும்பு இருக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார். "பெர்னா! ஹுப்... டெக்னிக் இருக்கு. ஹுப்... சதை இல்ல! புரோட்டீன்! புரோட்டீன்!" டீக்கடையில் வடை கேட்டாலும் அதே ஹுப்தான்.

புரோட்டீனுக்கு நாங்க எங்கண்ணா போறது? அப்பா லாரியில் போனால் மாசத்தில் பாதி நாள் நாக்பூர் பக்கம். பவுடர் டப்பா விலையைக் கேட்டதும் அம்மா கடையிலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்துட்டாங்க. மீல்மேக்கர் போட்டுப் பார்த்தாங்க, அக்கா வயிறு ராத்திரி முழுக்க மாஸ்டரைவிட அதிகமா ஹுப் ஹுப்புன்னுச்சு. முட்டை உண்டு, ஆனா முட்டை மட்டும் பத்தாது. கடைசியில் மஸ்தான் பாய் கடைதான் வழி காட்டியது. தொடைக் கறியை ஓட்டல்காரங்க வாரிக்கொண்டு போய்விடுவாங்க. கழுத்து, கன்னம், கால் சதை, இதெல்லாம் ஜவ்வு அதிகம்னு யாரும் சீண்ட மாட்டாங்க, அதனால் விலை குறைவு. பாய் சொல்வார்: "பொறுமையா வேக வைங்கம்மா. அவசரப்பட்டா ரப்பரு. பொறுத்தா வெண்ண." பேசும்போதே கத்தி தீட்டுவார். ஷ்ரிங்க். ஷ்ரிங்க். கேட்டுதா?

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் எங்க வீட்டுப் பின்பக்கம் இன்னொரு பூசை. கல்யாண வீட்டுக் குண்டான் ஒன்று உண்டு எங்களிடம். விறகு அடுப்பில் அதை ஏற்றி, ஒரு வாரத்துக் கறியும் ஒரே நேரத்தில் வேகும். கல்லுப்பு, மஞ்சள், மிளகு, இடித்த இஞ்சி பூண்டு. தண்ணி ஒரு சொட்டு கிடையாது. கறியே தண்ணி விட்டு, அந்தத் தண்ணியிலேயே வெந்து, அந்தத் தண்ணியையே திரும்பக் குடிக்கும். அம்மா பூசைப் புடவையைக்கூட மாற்றாமல் மத்தியானம் வரைக்கும் கரண்டியோட நிற்பாங்க. ஆறினதும் மேலே படிகிற கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, நாளுக்கு ஒரு டப்பாவாப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கிடுவாங்க. எங்க ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்க இடம் கிடையாதுண்ணா. கதவைத் திறந்தால் மாடு முட்டும்.

திங்கட்கிழமை அது மிளகு வறுவல். செவ்வாய்க்கிழமை பருப்புக்குள் ஒளிந்துகொள்ளும். புதன் கத்தரிக்காயோட கூட்டணி. வியாழன் சப்பாத்தியோட கொத்து. ஒரே மாடு, நாளுக்கொரு வேஷம். எங்க வீட்டில் என்னைவிடப் பெரிய மிமிக்ரி ஆர்டிஸ்ட் அந்த மாடுதான்.

இதுக்குச் சிரிச்சீங்க பார்த்தீங்களா? ஆனா இது அந்தச் சிரிப்பு இல்ல. அது இன்னும் வரல.

போன வருஷம் அக்காவுக்கு அடி பட்டது. இதே மாதிரி போட்டி. கடைசித் தூக்கு. தலைக்கு மேலே போன இரும்பு பார் பின்பக்கமாச் சாய்ந்து, மணிக்கட்டு ஒடிந்துபோனது. மாவுக்கட்டோட வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆளாளுக்குப் பேசினாங்க. "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்தத் தோளு? யாரு கட்டுவான்?" அந்தக் குரல்களும் என்னிடம் இருக்கு, வேண்டாம். அக்கா கட்டைப் பிரித்த அன்றைக்கே கிரவுண்டுக்குப் போயிட்டாள். இந்த வருஷத்தை விட்டால் ஜூனியர் வயசு தாண்டிவிடும். அப்புறம் பெரியவங்களோட மோதணும், அது நடக்காது. நாளைக்கு ஜெயித்தால் ஹாஸ்டல், சாப்பாடு, பயிற்சி எல்லாமே அவங்க பொறுப்பு. தோற்றால் பார் ஓரம், பெர்னா ஓரம்.

அப்படி இருக்கிறப்போ தவக்காலம் வந்தது.

எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதுண்ணா. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால், அது நிமிர்வது ஈஸ்டருக்குத்தான். அம்மாவைப் பெத்தவங்க காலத்திலிருந்து அப்படி. குண்டான் கவிழ்ந்தது. அக்கா தூக்குகிற எடையும் கூடவே கவிழ்ந்தது. மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து ஹுப் ஹுப்புன்னு கத்திட்டுப் போனார்.

அக்கா கெஞ்சினாள். அம்மா மசியல. "ஆண்டவரு நாப்பது நாளு ஒண்ணுமே துன்னாம இருந்தாரு. நீ கறி இல்லாம இருக்க மாட்டியா?"

"ஆண்டவரு முடிச்சிட்டுப் போயி பார் தூக்கலையேம்மா!"

"சிலுவையத் தூக்கினாருடி!"

அக்கா போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. அவள் அழமாட்டாள். வெறுமனே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கிடந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சவரிநாதன் சாமி ஊரில் இல்லை. முழங்கால் ஆபரேஷன் செய்து பெங்களூரில் மடத்தில் ஓய்வில் இருந்தார், ஈஸ்டர் கழித்துத்தான் வருவார். பூசையெல்லாம் உதவிக் குரு, நாங்க சின்னச் சாமின்னு கூப்பிடுவோம், அவர்தான். என் கூட்டாளியிடம் உபரியா ஒரு போன் இருந்தது. அம்மாவுக்குத் தெரியாத நம்பர். நான் மாடியில். அம்மா கீழே பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டு. போட்டேன்.

"யாரு?"

சாமி குரல்ல "நான்தான் மகளே" என்றேன். மேலேயிருந்து பார்க்கிறேன், எங்கம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துவைக்கிற கல் பக்கத்தில் நேராக நின்னாங்க. தோத்திரம் சாமி, தோத்திரம் சாமின்னு அந்தப் போனைக் கும்பிடறாங்க! நான் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஒரு நிமிஷம் புரண்டேன். சாமி இருமுகிறார்னு அவங்க நினைச்சிருப்பாங்க.

குரலை இப்போ போட மாட்டேன், விஷயத்தை மட்டும் சொல்றேன். பெர்னா உழைக்கிற பிள்ளை, உழைக்கிறவர்களுக்குத் திருச்சபை விலக்குக் கொடுக்கும், அவள் கறி சாப்பிடலாம். இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனா பாருங்கண்ணா, சவரிநாதன் சாமி எதையும் சும்மா தருகிற ஆள் கிடையாது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால்கூடப் பெத்தவங்களுக்கு ஒரு வேலை வைத்துத்தான் அனுப்புவார். அந்த வாசனை வராமல் போனால் அம்மா சந்தேகப்படுவாங்க. அதனால் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அவளுக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் எதையாவது விட்டு ஒறுத்தல் செய்ய வேண்டும். அவ்வளவுதான். உப்பு மாதிரி. அந்த வரி இல்லை என்றால் அது சாமியே இல்லை. கலைண்ணா அது.

காப்பியை விடுவாங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

அன்னைக்கே குண்டான் நிமிர்ந்தது. மஸ்தான் பாய்க்கே ஆச்சரியம். "என்னம்மா, உங்காளுங்க இந்த மாசம் வரமாட்டாங்களே?" அம்மா பெருமையா, "எங்க சாமியே போன் பண்ணி விலக்குக் குடுத்தாரு பாய்" என்றாங்க. அக்கா டப்பா டப்பாவாகத் தின்னாள். பார் மறுபடியும் மேலே போனது. மாஸ்டர் சிரித்தார். எல்லாம் யாரால்? நானா போய் எவனிடமும் சொல்லிக்கொள்ளலையே. வீட்டில் ஒரு ஆளாவது என் தலையைத் தடவி... சரி, தெரியாத விஷயத்துக்கு எப்படித் தடவுவாங்க.

அம்மா பகல் சாப்பாட்டை விட்டாங்க. காலையும் விட்டாங்க. சாயங்காலம் ஒரு கிண்ணம் கஞ்சி. சர்க்கரை மாத்திரை போடுகிற உடம்பு அது. அதோட போய் அந்தக் குண்டான் முன்னாடி நிற்கிறது. மிளகும் கறியும் வெந்து தெருவே மூக்கைத் தூக்குது, இவங்க உப்புக்கூட ருசி பார்க்க மாட்டாங்க. "டேய் இன்னாசி, வந்து உப்புப் பாரு." நான்தான் பார்ப்பேன். சரியாப் பார்க்கணும்னு நாலு துண்டு எடுத்துப் பார்ப்பேன். "போதுமாடா?" "இன்னும் ஒண்ணு குடும்மா, தெரியல." நல்ல வேடிக்கையா இருந்தது அப்போ.

என்ன சொல்றீங்க? வெள்ளிக்கிழமை மட்டும் கறி சாப்பிடாம இருந்தாப் போதுமா? நீங்களும் நம்மாளா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே! அதேதான்ணா, சின்னச் சாமியும் பூசையில் அதைத்தான் சொன்னார். சாம்பல் புதன், அப்புறம் வெள்ளிக்கிழமைகள், மத்த நாள் உங்கள் விருப்பம், உடம்பு முடியாதவர்கள் ஒருசந்தி நோன்பு இருக்கத் தேவையில்லைன்னு தெளிவாகவே சொன்னார். அம்மா கேட்கணுமே. "சின்னச் சாமி நேத்து குருப்பட்டம் வாங்கின புள்ள. சவரிநாதன் சாமி எங்கிட்ட நேரா சொன்னாரு." நிஜச் சாமி பேச்சு எடுபடல. என் பேச்சு எடுபட்டது. என்ன, பெருமைப்படக் கூடாதா?

ஆமாம், நான் போன் போட்டிருக்கவே தேவையில்லைதான். சின்னச் சாமியைக் கூட்டிட்டு வந்து சொல்ல வைத்திருந்தாலே ஒருவேளை... இப்போ அதைச் சொல்லி என்ன பண்றது, விடுங்க.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே மஸ்தான் பாய் மாதிரி பேசி அக்காவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கரண்டி விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறாங்க. குண்டான் விளிம்பில் முழங்கை பட்டுத் தோல் வழண்டிருந்தது. அதோ, இடது கையில் புடவையைச் சுத்தி மறைத்திருக்காங்க இல்லையா, அதுதான். டாக்டர் கண்டபடி திட்டினார். மாத்திரை போட்டால் சாப்பிடணும், சாப்பிடாமல் போட்டால் ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டீங்கன்னார். அம்மா அவரிடம் தலையாட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் அதே கஞ்சிக் கிண்ணம். அக்காவிடம் வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னாங்க. "அவகிட்ட சொன்னா தூக்குற கையில பாரம் ஏறும்டா. நீ வாய வெச்சிகினு சும்மா இரு."

நான் சும்மா இருப்பேனா? நாமதானே கட்டினோம், நாமே அவிழ்ப்போம்னு, கோயில் மைதானத்துத் தண்ணித் தொட்டிப் பக்கம் நின்னு மறுபடியும் போட்டேன். சாமி குரல் கணீர்னு வந்தது. மகளே, உன் ஒறுத்தல் போதும், இன்றே சாப்பிடு.

அந்தப் பக்கம் அம்மா கதவைச் சாத்துகிற சத்தம். அப்புறம் மெதுவா, "சாமி, போன்ல பாவசங்கீர்த்தனம் செல்லாதுன்னு தெரியும் சாமி. ஆனா நீங்க ஊர்ல இல்ல. சின்னச் சாமிகிட்ட சொல்ல வெக்கமா இருக்கு. இத வெச்சிகினு என்னால சாப்பிட முடியல சாமி."

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்கம்மாவுக்கு என்னண்ணா பெரிய பாவம் இருந்துவிடும்? ஏதாவது ஒளித்து லட்டு தின்னிருப்பாங்க. பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கிள்ளியிருப்பாங்க. அதைத் தெரிஞ்சு வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வைத்து ஓட்டலாம். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். "சொல்லு மகளே" என்றேன்.

இருங்கண்ணா. சிரிப்பு வருது, கிட்டத்தில்தான் இருக்கு. இதைத் தாண்டித்தான் போகணும்.

சொன்னாங்க. அந்தக் குரலை நான் போட மாட்டேன். வரும், ஆனா போட மாட்டேன். சும்மா சொல்றேன். "போன வருஷம் எம்பொண்ணு மேடையில ஏறினப்ப நான் கீழ ஜெபமால வெச்சிகினு உக்காந்திருந்தேன் சாமி. அவ ஜெயிக்கணும்னு வேண்டறேன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் அவ கீழ போட்டுடணும்னு வேண்டினேன் சாமி. ஒரு தடவ போட்டுட்டா வுட்டுடுவா. தெரு வாயும் மூடும். எனக்கும் அந்த அடுப்பு கொஞ்சம் அணையும்னு. அசதியா இருந்துச்சு சாமி. நான் கேட்டது எதையுமே குடுக்காத மாதா, இத மட்டும் உடனே குடுத்துட்டா. எலும்பு ஒடிஞ்ச சத்தம் என் காதுல கேட்டுது. அந்தக் கையால எம்புள்ள இன்னமும் எனக்குத் தண்ணி மொண்டு தர்றா. எனக்கு மன்னிப்பு உண்டா சாமி?"

வாயைத் திறந்தேன்ணா.

சாமி வரல. யாருமே வரல. மாஸ்டர் வரல, பாய் வரல. கை தானாப் போனைக் கட் பண்ணிடுச்சு.

வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியில் நின்னு போனைக் காதில் வைத்திருக்காங்க. என் கால்சட்டைப் பையில் கூட்டாளி போன் அதிருது. அம்மா இறக்கி, மறுபடியும் போடறாங்க. என் பை மறுபடியும் அதிருது. சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். தொடையில் குளவி கொட்டுகிற மாதிரி, நான் அங்கேயே நின்னு தண்ணி குடிக்கிறேன். கடைசியில் அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் இல்லை, அந்தக் குண்டானிடம் சொல்கிற மாதிரி, "வெச்சிட்டாரு" என்றாங்க. அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்னையிலிருந்து அந்தக் கஞ்சியும் இல்லை. பால் போடாத டீ, தண்ணி, மாத்திரை. பெர்னா நாளைக்கு நல்லபடியாத் தூக்கிக் கீழே வைக்கிற வரைக்கும் பல்லில் எதுவும் படாதுன்னு மாதாவிடம் நேர்ந்துக்கிட்டாங்களாம். கிளம்பறப்போ இந்த ஹாட்பாக்ஸ் மூடியைத் திருகக்கூட அவங்களுக்குத் தெம்பில்லை. நான்தான் மூடிக் கொடுத்தேன்.

எனக்கு அம்மா மேலேதான்ணா கோபம். ஒரு வரி சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இப்படியா? உலகத்தில் யாராவது ஒறுத்தல்னா காப்பியை விடுவாங்க, சீரியலை விடுவாங்க.

சொல்லிடுன்னு சொல்றீங்க. உங்களுக்கென்ன, நீங்க பூந்தமல்லியில் இறங்கிப் போயிடுவீங்க. எப்படிண்ணா சொல்றது? "அம்மா, நீ மனசைத் திறந்து கொட்டினது என்கிட்டதான்"னா? அந்த அக்காவோட சொந்தத் தம்பிகிட்ட? அது தெரிஞ்சா அம்மா அப்புறம் என் முகத்தில் எப்படி முழிப்பாங்க, நான் எப்படி முழிக்கிறது? பொய்யாகவே முடித்துவிடலாம்னு குளியலறையில் நின்னு எத்தனையோ தடவை சாமி குரலை வரவழைத்துப் பார்த்தேன். மன்னிப்பு உண்டுன்னு ஒரே ஒரு போன். அவங்க தின்னுடுவாங்க, எல்லாம் சரியாகிடும். வரமாட்டேங்குது. நாளைக்கு அக்கா அந்த மேடையில் ஏறுகிறப்போ அம்மா கீழே வெறும் வயிற்றோட உட்கார்ந்து, என்ன வேண்டிப்பாங்களோ, அதுக்குள்ள தலை சுத்தி விழுந்து, அக்கா அதைப் பார்த்து, பார்...

ஏன் எழுந்திருக்கப் பார்க்கிறீங்க? உட்காருங்கண்ணா. உங்க ஊர் இன்னும் வரல, இது டோல்கேட். வண்டி வரிசையா நிக்குது. டிரைவரே எஞ்சினை அணைச்சிட்டார் பாருங்க.

என்னண்ணா, முகத்தை இப்படி வைத்திருக்கீங்க? நான் சிரிக்க வைக்கிறேன்னு சொன்னேன் இல்ல? இதோ போடறேன். அந்தக் குரலை. அவங்க கேட்ட கேள்விக்குச் சாமி என்ன சொல்லியிருப்பார்னு போடறேன், நீங்க எப்படிச் சிரிக்காமல் இருக்கீங்கன்னு பார்க்கிறேன். சவரிநாதன் சாமிக்கு ஒரு பழக்கம். கோயில் மைக்கில் எதிரொலி வரும் இல்ல, அது திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்து அடுத்த வார்த்தையைப் பேசுவார். மைக்கே இல்லாத இடத்திலும் அப்படித்தான். காப்பியில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்றாலும் அது பூசைப் பிரசங்கம்தான். இருங்க, தொண்டையைச் செருமிக்கிறேன்.

"ஹ்ர்ம்ம்... அன்பார்ந்த... மகளே... ஆண்டவர்... உன்னை... மன்னித்துவிட்டார். ஆகவே... எழுந்து... சாப்பிடு."

வந்துடுச்சு! அண்ணா, வந்துடுச்சு பார்த்தீங்களா! அச்சு அசல்! இத்தனை நாள் வராமல்...

"சாமி?"

அய்யோ. அம்மா முழிச்சிட்டாங்க.

"சாமி... வந்துட்டீங்களா சாமி?"

அண்ணா, அண்ணா, நீங்க ஏதாவது பேசுங்க, சத்தமாப் பேசுங்க. எழுந்து நிக்கறாங்க. ஹாட்பாக்ஸோடவே நிக்கறாங்க. கண்ணெல்லாம் நிறைஞ்சு, சிரிக்கிற மாதிரி இருக்குண்ணா முகம், ஒவ்வொரு சீட்டாத் தேடறாங்க...

அம்மா. உக்காரும்மா. விழுந்துடப் போற. இங்க சாமி யாரும் இல்லம்மா. நான்தான். இந்த அண்ணாவைச் சிரிக்க வைக்கலாம்னு, சும்மா, விளையாட்டுக்கு...

ஏம்மா என் வாயையே பாக்கற?

"அன்னைக்கும் நீதானாடா?"